"ரோல் முடிஞ்சிருச்சு" என்று சொல்ல முடிந்த காலம்

கொஞ்சம் நீளமான இழை இது. கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுக்காரங்க, வார இறுதியில கேமரா தூக்குற தம்பி தங்கச்சிங்க, ரெண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஆவணி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 5 மணிக்கு முன்னாடி போன். "சார், பைக் ஆக்ஸிடென்ட். காலர் போனும் வலது மணிக்கட்டும் உடைஞ்சிருக்கு. ஹெல்மெட் போட்டிருந்தான், தலைக்கு ஒண்ணும் இல்ல." எலும்பு டாக்டருக்கு இந்த நேரத்துல வர்ற இந்த மாதிரி போன் புதுசு இல்ல. கிளம்பிப் போனேன்.

பையனுக்கு 23 வயசு. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) கறுப்பு பேன்ட், கறுப்பு சட்டை. வலியில முகமே சுருங்கிப் போயிருக்கு. என்னைப் பாத்ததும் அவன் முதல்ல கேட்டது கையைப் பத்தி இல்ல.

"சார், பேன்ட் பாக்கெட்ல ரெண்டு கார்டு வச்சிருந்தேன். இருக்கான்னு கொஞ்சம் பாருங்க சார்."

மெமரி கார்டு. முந்தின நாள் ராத்திரி எடுத்த ரிசப்ஷன் முழுக்க அதுக்குள்ள இருக்கு. ரிசப்ஷனை முடிச்சுட்டு, 80 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊர்ல காலை 6 மணி முகூர்த்தத்துக்கு நாலுவழிச் சாலையில பைக்ல போயிட்டிருந்திருக்கான். வண்டி நேரா மீடியன்ல ஏறிடுச்சு. 108ல கூட்டிட்டு வந்த பைலட் என்கிட்ட ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ரோட்டுல பிரேக் போட்ட தடமே இல்ல சார்."

முழிச்சிருக்கிறவன் பிரேக் போடுவான்.

"கடைசியா எப்பப்பா தூங்குன?"

யோசிச்சான். "வெள்ளிக்கிழமை ராத்திரி சார்."

சனிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்திருக்கான். பகல் முழுக்க மொபைல் கடையில வேலை. சாயங்காலம் 5 மணிக்கு மண்டபம். ராத்திரி 1 மணி வரைக்கும் ஸ்டேஜ். அப்புறம் லைட்டைக் கழட்டி, ஸ்டாண்டை மடக்கி, எல்லாத்தையும் ஸ்டுடியோ வேன்ல ஏத்திவிட்டுட்டு 3 மணிக்கு பைக்கை எடுத்திருக்கான். விழும்போது அவன் முழிச்சிருந்த நேரம் கிட்டத்தட்ட 22 மணி.

நாங்க பேசிட்டிருக்கும்போதே அவன் போன் அடிச்சுது. நர்ஸ் எடுத்துக் காதுல வச்சாங்க. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டுச்சு. "டேய் எங்க இருக்க? மாப்பிள்ளையை மணையில உக்கார வச்சாச்சு!"

இந்தக் கேஸ் எனக்கு மனசுல தங்கிப் போனதுக்கு ஒரு காரணம் இருக்கு. நானும் ஒரு காலத்துல பார்ட் டைம் கல்யாண போட்டோகிராபர்.

1993ல எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன், பாளையங்கோட்டையில. வீட்ல இருந்து வர்ற பணம் மெஸ் பில்லுக்கே சரியாப் போயிடும். ஹாஸ்டல்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு ஸ்டுடியோ. அதோட முதலாளியை ஊரே அண்ணாச்சின்னுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போன இடத்துல பேச்சு வளர்ந்து, ரெண்டாம் வருஷத்துல இருந்து அவர்கூட கல்யாணத்துக்குப் போக ஆரம்பிச்சேன். முதல் ஆறு மாசம் பை தூக்குறது, செல் மாத்துறது, குரூப் போட்டோவுக்கு ஆட்களை நெருக்கி நிக்க வைக்கிறது. அப்புறம்தான் கேமராவைக் கையில குடுத்தார். பென்டாக்ஸ் கே1000.

அந்தக் கேமராவைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: அதுல ஆட்டோன்னு ஒண்ணும் கிடையாது. ஃபோகஸ் நாமதான் திருப்பணும், அபெர்ச்சர் நாமதான் வைக்கணும், ஷட்டர் நாமதான் வைக்கணும். உள்ள இருக்கிற சின்ன பட்டன் செல் வெளிச்சம் அளக்குற முள்ளுக்கு மட்டும்தான். செல் செத்துப் போனாலும் கேமரா படம் எடுக்கும். ஃபிளாஷ் போட்டா ஷட்டரை 60ல வச்சே ஆகணும், அதுக்கு மேல வச்சா பாதிப் படம் கறுப்பா வரும். ஃபிளாஷுக்கு நாலு பென்டார்ச் செல். ஒரு தடவை அடிச்சா மறுபடி சார்ஜ் ஏறி அந்தச் சின்ன லைட் எரியிற வரைக்கும் 'கீ...'ன்னு ஒரு சத்தம் வரும். செல் புதுசா இருந்தா சில வினாடி. ராத்திரி 9 மணிக்கு மேல அந்தக் காத்திருப்பு நீண்டுக்கிட்டே போகும். மொய் கவரோட நிக்கிற பெரியப்பா பல்லைக் காட்டிட்டே நிப்பார், நான் அந்த லைட்டையே பாத்துட்டு நிப்பேன்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்குது.

அந்தக் காலத்துல கல்யாண வீட்டுக்காரங்க அண்ணாச்சிகிட்ட என்ன பேசி முடிப்பாங்க தெரியுமா? மணிக்கணக்கு கிடையாது, நாள் கணக்கு கிடையாது. ரோல் கணக்கு. "அஞ்சு ரோல் போடுங்க அண்ணாச்சி." ஒரு ரோல்ல 36 படம். ஜாக்கிரதையா மாட்டினா 37, 38 கூட வரும், அது நம்ம கெட்டிக்காரத்தனம். அஞ்சு ரோல்னா 180 படம். ரிசப்ஷனுக்கு ஒண்ணரை, மாப்பிள்ளை அழைப்புக்கு அரை, முகூர்த்தத்துக்கு ரெண்டு, குரூப்புக்கும் மறுவீட்டுக்கும் மீதி. கல்யாணத்துக்கு முன்னாடியே மனசுக்குள்ள பங்கு பிரிச்சு வச்சிருவோம். ரோலுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காசு. பொண்ணோட அப்பாவுக்கு நம்ம ஒவ்வொரு ஃபிளாஷும் பணம்னு தெரியும். அதனால அவரே வந்து சொல்வார். "தம்பி, போதும். மூணு வீட்டையும் சேத்து நிக்க வச்சு ஒண்ணா அடிச்சிருங்க."

ரிசப்ஷனுக்குன்னு ஒதுக்கின ரோல் 9.30க்கு முடிஞ்சுதுன்னா வேலையும் முடிஞ்சுது. யாராவது அத்தை வந்து "எங்களை எடுக்கவே இல்லையே"ன்னு கேட்டா, "ரோல் முடிஞ்சிருச்சு அத்தை, காலைல முதல் படம் உங்களுக்குத்தான்"னு சொன்னா போதும். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. தீர்ந்து போற பொருள் தீர்ந்து போச்சு, அவ்வளவுதான். ரொம்ப அடம் புடிக்கிற சின்னப் பசங்களுக்கு மட்டும் ஒரு தனி வைத்தியம் இருந்துச்சு. ஃபிளாஷ்ல டெஸ்ட் பட்டன்னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்தினா ஃபிளாஷ் மட்டும் பளிச்சுன்னு அடிக்கும், ஃபிலிம் நகராது. எத்தனையோ குழந்தைங்க அந்த மாதிரி எங்கேயும் இல்லாத படத்துக்குச் சிரிச்சிருக்காங்க. உங்க சித்தி கல்யாண ஆல்பத்துல உங்க படம் ஏன் இல்லன்னு இப்ப புரியுதா? சாரி.

ரோல் முடிஞ்சா நானும் அண்ணாச்சியும் கை கழுவிட்டுப் பந்தியில உக்காருவோம். சாப்பிட்டு, மண்டபத்துலயே ஒரு ஓரமா ஜமுக்காளத்தை விரிச்சு, கேமராப் பையைத் தலைக்கு வச்சு 11 மணிக்கு முன்னாடி படுத்துருவோம். நாலரைக்கு நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பாக்குற சத்தத்துல முழிப்பு வரும். ஒரு கல்யாணத்துக்கு எனக்கு 150 ரூபாய்.

அந்த 36ங்கிற எண்ணை நாங்க அப்ப திட்டாத நாள் இல்ல. இன்னைக்கு எலும்பு டாக்டரா நின்னு பாக்கும்போது தோணுது: எங்க உடம்புக்கு ஒரு எல்லை இருக்குன்னு கல்யாண வீட்டுக்கு நாங்க சொன்னதே இல்ல. ஃபிலிம் ரோலுக்கு ஒரு எல்லை இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி நாங்க ஒளிஞ்சுக்கிட்டோம்.

இப்ப 64 ஜிபி கார்டு ஒண்ணுல ரா ஃபைலாவே 2000 படத்துக்கு மேல எடுக்கலாம். அந்த மாதிரி நாலு கார்டு சட்டைப் பாக்கெட்ல. இன்னொரு படம் எடுக்க ஒரு பைசா செலவில்ல. கேமராகிட்ட எல்லை போயிருச்சு. ஆனா அதைப் பிடிச்சிருக்கிற கைக்கு, கண்ணுக்கு, முதுகுக்கு? அது 1995ல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. "ஒண்ணே ஒண்ணு அண்ணா, லாஸ்ட் ஒண்ணு"ன்னு கேட்டா முடியாதுன்னு சொல்ல அந்தத் தம்பிகிட்ட ஒரு காரணமும் மிச்சம் இல்ல.

பழசு எல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. தயவுசெஞ்சு அப்படிப் படிச்சிராதீங்க. ஃபிலிம்ல நான் பண்ணின ஒரு தப்பை இப்ப சொன்னா அந்த ஏக்கம் உங்களுக்கு உடனே போயிடும்.

மூணாம் வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை இன்டர்னல் தேர்வு. அதுக்காக வியாழக்கிழமை ராத்திரி முழுக்கப் படிச்சேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். அண்ணாச்சிக்கு அன்னைக்கு வேற ஊர்ல ஒரு கல்யாணம். "தனியாப் பாத்துக்கிடுவியா தம்பி?"ன்னு கேட்டார். பாத்துக்கிடுவேன்னு சொன்னேன். அன்னைக்குப் பாத்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வழியில பழுதாகி ராத்திரி 12 மணிக்கு வந்து சேர்ந்துச்சு. படுக்கவே 2 மணி. நாலு மணிக்கு எழுந்து புது ரோல் மாட்டினேன்.

ஃபிலிமோட நாக்கை எதிர்ப்பக்கச் சுருள் தண்டுல இருக்கிற பள்ளத்துல செருகணும். ரெண்டு தடவை சுத்தி, பல் ஓட்டையில பிடிச்சிருக்கான்னு பாத்து, அப்புறம் பின்மூடியை மூடணும். மூடின பிறகும் ஒரு சோதனை உண்டு. லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் மேல இருக்கிற ரீவைண்ட் குமிழ் கூடவே சுத்தணும். சுத்தலைன்னா உள்ள ஃபிலிம் நகரலன்னு அர்த்தம். எண் காட்டுற கவுண்டரை நம்பக் கூடாது. ஃபிலிம் இருந்தாலும் இல்லாட்டியும் அது ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டே போகும். இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஆனா தூங்காதவனுக்குத் தெரிஞ்சதும் கைக்கு வராது.

காப்பு கட்டினது எடுத்தேன். தாரை வார்த்தது எடுத்தேன். கெட்டிமேளம், தாலி கட்டினது, நாத்தனார் மூணாவது முடிச்சு போட்டது, அட்சதை மழை, எல்லாம் எடுத்தேன். 34, 35, 36. கவுண்டர் 38ஐத் தாண்டியும் லீவர் இறுகாம லேசாப் போச்சு. அந்த லேசான ஓட்டம் விரல்ல பட்டதும் எனக்கு வயித்துல ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல கூட அந்த அளவுக்கு நான் பயந்ததில்ல. பாத்ரூம்ல போய் இருட்டுல திறந்து தடவிப் பாத்தேன். ஃபிலிமோட நாக்கு தண்டுல மாட்டவே இல்ல. மொத்த ரோலும் டப்பாவுக்குள்ள அப்படியே கன்னி கழியாம இருந்துச்சு.

அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ கேசட் இருந்துச்சு, அதனால ஏதோ தப்பிச்சேன். சாயங்காலம் அண்ணாச்சி நேர்ல வந்து, "தப்பு எங்க மேலதான், பையன் மேல இல்ல"ன்னு சொல்லி முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்தார். பொண்ணோட அம்மா என்னைத் திட்டவே இல்ல. "பிள்ளை முகத்தைப் பாருங்க, தூங்கி எத்தனை நாளாச்சோ"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த அம்மாவுக்கு அன்னைக்கே டயக்னோசிஸ் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. நான் ரொம்ப நாள் அதைக் கவனக்குறைவுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்.

அது தூக்கமின்மை. அதுல ஒரு ரோல் போச்சு. இந்தத் தம்பிக்கு அதே தூக்கமின்மைதான், ஆனா கையில இருந்தது லீவர் இல்ல, பைக்கோட ஆக்ஸிலேட்டர்.

இப்ப கொஞ்சம் மருத்துவம் பேசுவோம்.

1997ல ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சின்ன, ஆனா முக்கியமான சோதனையை வெளியிட்டாங்க. ஒரே ஆட்களை ஒரு தடவை தூங்க விடாம வச்சும், இன்னொரு தடவை மது குடுத்தும், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ற திறனை அளந்தாங்க. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தவங்களோட திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்போது எவ்வளவு குறையுமோ அந்த அளவுக்குக் குறைஞ்சிருந்துச்சு. 24 மணி நேரத்துல அது 0.10 சதவீதத்துக்குச் சமமாப் போச்சு. நம்ம நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டுறவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. ஒரு சொட்டு கூடக் குடிக்காத அந்தப் பையன், போதையில ஓட்டுறவன் நிலைமையிலதான் நாலுவழிச் சாலைக்கு வந்திருக்கான். போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தா பூஜ்யம் காட்டி, "போப்பா"ன்னு அனுப்பியிருப்பாங்க.

இன்னொண்ணு, நேரம். விடியற்காலை 2 மணியில இருந்து 6 மணி வரைக்கும் உடம்போட உள் கடிகாரம் நம்மைக் கீழ இழுக்கிற நேரம். தூக்கக் கடனும் இந்த நேரமும் ஒண்ணாச் சேர்ந்தா மூளை நம்மகிட்ட அனுமதி கேக்காது. சில வினாடிக்குத் தானா அணைஞ்சு திரும்ப எரியும். இதுக்கு மைக்ரோ ஸ்லீப்னு பேரு. கண்ணு திறந்தே கூட இருக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்துல நாலு வினாடின்னா வண்டி 65 மீட்டருக்கு மேல போயிரும், ஓட்டுறதுக்கு ஆள் இல்லாம. மூஞ்சியில தண்ணி அடிக்கிறது, ஹெட்செட்ல பாட்டை அலறவிடுறது, குளிர் காத்து முகத்துல படுறது, இதெல்லாம் உங்களுக்குத் தைரியம் குடுக்குமே தவிர தூக்கத்தைத் தள்ளிப் போடாது. ஓரளவுக்குக் கை கொடுக்கிற வழி ஒண்ணு உண்டு: ஒரு காபி குடிச்ச கையோட 20 நிமிஷம் கண்ணை மூடிப் படுக்கிறது. காபி வேலை செய்ய அரை மணி நேரம் கிட்ட எடுக்கும், எழுந்திருக்கும்போது ரெண்டும் சேர்ந்து உதவும். ஆனா அதுவும் அந்த நேரத்தைக் கடத்துற வழிதான். தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டும்தான்.

மத்த உபாதைகளை வேகமாச் சொல்லிட்டுப் போறேன். மண்டபத்துல பாத்ரூம் போக நேரம் கிடைக்காதுன்னு தண்ணியே குடிக்காத பசங்க சிறுநீரகக் கல்லோட வர்றாங்க. கிம்பல் பிடிக்கிற தோள், எப்பவும் ஒரு பக்கமா சாயுற கழுத்து, எட்டு மணி நேரம் நின்ன கெண்டைக்கால். இதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து, பயிற்சி இருக்கு. சாலையில போன உயிருக்கு இல்ல.

"காசு வாங்குறாங்கல்ல, வேலை செய்யட்டும்"னு ஒருத்தர் கமென்ட்ல எழுதுவார். அவருக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன். நீங்க காசு குடுத்தது ஸ்டுடியோவுக்கு. இந்தத் தம்பிங்கள்ல நிறையப் பேர் ஸ்டுடியோக்காரர் அன்னைக்கு மட்டும் கூப்பிடுற தினக்கூலி. காலேஜ் பசங்க, கம்பெனியில ஷிஃப்ட் பாக்குறவங்க, வாங்கின கேமராவுக்கு மாசத் தவணை கட்டுறவங்க. ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது, நிறைய வீட்ல புரட்டாசியிலயும் கிடையாது. மீதி மாசத்துல நல்ல முகூர்த்தம் விழுற ஞாயிற்றுக்கிழமை எத்தனைன்னு காலண்டரைப் பாருங்க. அந்தச் சில நாள்லதான் வருஷத்து வருமானம். அதனால ஒரே ராத்திரியில ரெண்டு ஊருக்கு ஒத்துக்கிறான். பேராசைன்னு சொல்லாதீங்க. நெல்லு அறுப்பு நேரத்துல ஓய்வெடுன்னு யாரும் சொல்றதில்ல, அந்த மாதிரிதான்.

"டாக்டர்கள் மட்டும் 36 மணி நேரம் தொடர்ந்து டூட்டி பாக்குறீங்களே"ன்னு இன்னொருத்தர் கேப்பார். உண்மை. நானும் பாத்தேன், ரொம்ப நாள் அதைப் பெருமையாவும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது தப்பு. 36 படத்தோட ரோல் முடிஞ்சப்போ கேமராவை வச்சுட்டுச் சாப்பிடப் போன அதே ஆளு, 36 மணி நேரம் கழிச்சும் "இன்னும் ஒரு கேஸ்"னு நின்னிருக்கேன். எங்க தொழில்லயும் இந்தப் பேச்சு பேசியே ஆகணும். அது வேற இழை.

கல்யாண வீட்டுக்காரங்களே, இப்ப நான் கேக்குறது உங்ககிட்டதான். கேமரா எல்லை போடாது, அந்தப் பையனுக்கும் போடத் தைரியம் வராது. அதைப் போடக்கூடியவங்க நீங்க மட்டும்தான். புக் பண்ணும்போது எத்தனை பக்க ஆல்பம், ட்ரோன் உண்டா, ரீல்ஸ் எத்தனைன்னு கேக்குறீங்கல்ல? அதோட சேர்த்து, "ரிசப்ஷனுக்கு வர்ற ஆளும் முகூர்த்தத்துக்கு வர்ற ஆளும் ஒரே ஆளா? நடுவுல எங்க தூங்குவார்?"னு ஒரு கேள்வி கேளுங்க. பூ அலங்காரத்துக்குக் குடுக்கிற பணத்துல ஒரு சின்னப் பங்கு இருந்தா ரெண்டு டீமா வரச் சொல்லலாம். முடியலைன்னா மண்டபத்து ரூம்ல ஒண்ணை அவங்களுக்குன்னு ஒதுக்குங்க, பாய் தலையணையோட, சாவியை அவங்க கையிலயே குடுத்து. மேக்கப் சாமானுக்கு ரூம் இருக்கு, சீர்த்தட்டுக்கு ரூம் இருக்கு, ராத்திரி முழுக்க நிக்கிற நாலு பேருக்கு மட்டும் இல்லாமப் போகுது. ராத்திரி 10.30க்கு ஸ்டேஜை மூடிருங்க. அதுக்கப்புறம் வர்ற சொந்தக்காரங்க மொபைல்ல செல்ஃபி எடுத்துக்கட்டும், எப்படியும் எடுக்கத்தான் போறாங்க.

சாப்பாடு. கடைசிப் பந்தியில ரசமும் அப்பளமும் மட்டும் மிஞ்சின நேரத்துல "போட்டோகிராபர் தம்பிங்க சாப்பிட்டாங்களா?"ன்னு கேக்குறதுக்குப் பதிலா, நடுப் பந்தியில ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க. ஒரு பந்தி நேரம் ஒரு கேமரா குறைஞ்சா உங்க கல்யாணம் நின்னு போயிடாது.

ஸ்டுடியோ வச்சிருக்கிறவங்க கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். வேன்ல லைட்டுக்கு இடம் இருக்குன்னா ஆளுக்கும் இடம் வேணும். ஜெனரேட்டரும் ஸ்டாண்டும் நாலு சக்கரத்துல பத்திரமா வருது, பையன் மட்டும் விடியற்காலையில பைக்ல வர்றான். என்னங்க நியாயம் இது?

தம்பிங்களா, தங்கச்சிங்களா, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ரெண்டாவது கல்யாணத்தை ஒத்துக்கிறதுக்கு முன்னாடி நடுவுல எத்தனை மணி நேரம் தூங்குவீங்கன்னு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அஞ்சு மணி நேரம்கூட வரலைன்னா பைக்கை மண்டபத்துலயே விட்டுட்டு பஸ் ஏறுங்க. விடியற்காலையில பஸ் ஸ்டாண்டுல டீக்கடை திறந்திருக்கும், ஜன்னலோரமா சாஞ்சு ஒரு மணி நேரமாவது கண்ணை மூடலாம். ஹெல்மெட் போடுங்க. அந்தப் பையன் இன்னைக்குப் பேசுறான்னா அதுக்கு ஹெல்மெட்தான் காரணம், நான் இல்ல.

இதை எழுதும்போது இன்னொரு விஷயம் ஞாபகம் வருது. போன தை மாசம் ஒரு ஜூனியர் டாக்டருக்குக் கல்யாணம். "சார், உங்க பழைய கேமராவுல ஃபிலிம்ல கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? இப்ப அதுதான் டிரெண்ட்"னு கேட்டார். கே1000ஐத் தூசி தட்டி, மூணு ரோல் வாங்கினேன். விலையைப் பாத்துட்டு அண்ணாச்சியைத்தான் நினைச்சுக்கிட்டேன், மனுஷன் மயக்கம் போட்டிருப்பார். ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி 'இந்து'ன்னு பேரு போட்டுக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் பண்ணினதெல்லாம் இன்னைக்கு உள்ள பசங்களுக்குத் தெரியாது. அவங்களேதான் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் பண்ணினாங்க. கல்யாணமும் எலும்பு முறிவும் ஒரே வெள்ளி உப்புல பதிஞ்ச காலம் அது. கலர் ஃபிலிம் கழுவுற டெவலப்பரோட சூடு 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது சரியா 100 டிகிரி ஃபாரன்ஹீட். டெவலப்பருக்கு அது நார்மல், நமக்குக் காய்ச்சல். லேப்ல இதைக் கேட்டப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கல்யாணத்துல 9 மணிக்கு என் மூணாவது ரோல் முடிஞ்சுது. ரீவைண்ட் குமிழ் சுத்துதான்னு ஒவ்வொரு தடவையும் பாத்துட்டேதான் எடுத்தேன், அந்தப் பழக்கம் சாகாது. "ரோல் முடிஞ்சிருச்சு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, "வாங்க சார், சாப்பிடலாம்"னாங்க. என் பக்கத்துல ரெண்டு கேமரா மாட்டியிருந்த தம்பி அப்படியே நின்னுட்டிருந்தான். அவனுக்கு 12.30 வரைக்கும் வேலை இருந்துச்சு. அன்னைக்கு நான் அவனை ஒண்ணும் கேக்கல. நல்லாச் சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன்.

ஆவணியில விழுந்த தம்பிக்கு மணிக்கட்டுல பிளேட் வச்சோம். காலர் போனுக்கு ஆபரேஷன் தேவைப்படல, ஸ்லிங் போதும். கார்டு ரெண்டும் பாக்கெட்லயே இருந்துச்சு, ஒரு படம் கூடப் போகல. ரிசப்ஷன் வீட்ல அந்தப் பொண்ணோட அப்பா விஷயம் கேள்விப்பட்டு, தூக்குவாளியில சாம்பார் சாதத்தோட வார்டுக்கு வந்துட்டார். "எங்க மண்டபத்துல படுத்திருந்தா என்னப்பா?"ன்னு கேட்டார். "யாரும் சொல்லல சார்"னான். அவர் கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்துட்டுப் போனார்.

ரெண்டு வாரம் கழிச்சுத் தையல் பிரிக்க வந்தான். ஆறு வாரத்துக்கு அந்தக் கையால எடை தூக்கக் கூடாதுன்னேன்.

"கேமரா ஒண்ணும் பெரிய வெயிட் இல்ல சார்."

பையில இருந்து எடுக்கச் சொன்னேன். பக்கத்து ஓ.பி.யில குழந்தைங்களை எடை போடுற தராசு இருக்கு. அதுல கேமரா, லென்ஸ், ஃபிளாஷ் எல்லாத்தையும் மாட்டினபடியே வச்சோம். 2.2 கிலோ. குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழ பிறந்தா நாங்க எடை குறைஞ்ச குழந்தைன்னு எழுதுவோம். அந்த எடையை நீ ராத்திரி முழுக்க ஒரு கையில நீட்டிப் பிடிச்சிருக்கேன்னு சொன்னேன். அவன் அம்மா அந்தத் தராசையே பாத்துட்டு இருந்தாங்க.

கொஞ்சம் யோசிச்சுட்டு அவன் கேட்டான். "அப்ப ஐப்பசியில ஒண்ணு இருக்கு சார். ட்ரைபாட்ல வச்சு எடுக்கலாமா?"